‘மற்றொரு பகுதி’: வேலையற்ற நாட்களின் கூலியும் நீதிமன்றங்கள் வாசித்த சொற்களும்

சற்று நீளமான பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் திரட்டிய குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன். பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

நான் இப்போது குடியிருக்கும் பொம்மனஹள்ளியில் பத்தாண்டுகளுக்கு முன், 2016 ஏப்ரல் 18 அன்று, ஓசூர் சாலையைப் பெண்கள் மறித்தார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருக்க வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். அவர்களை அழைத்து வந்த தொழிற்சங்கமோ மேடையில் நின்ற தலைவரோ இல்லை. மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த பேருந்துகள் என்று தொலைக்காட்சிகள் காட்டின. அன்று மாலைக்குள் மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா ஓர் அறிவிக்கையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

அந்த அறிவிக்கை 2016 பிப்ரவரி 10 அன்று வெளியானது. வேலையை இழந்தவர் தம் பிஎஃப் கணக்கிலிருந்து தம் பங்கை மட்டுமே எடுக்கலாம், முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க இயலாது என்பது அதன் சாரம். அதற்கு முன்னிருந்த விதிப்படி இரண்டு மாதம் வேலையின்றி இருந்தால் முழுத் தொகையையும் பெறலாம். முதுமைக்கான சேமிப்பை இளமையிலேயே கரைக்கிறார்களே என்று அன்று நாளிதழ்களில் பொருளியல் அறிஞர்கள் வருந்தினர். அவர்கள் காணத் தவறியது ஒன்றுண்டு. தையல் பிரிவிலுள்ள ஒரு பெண்ணுக்கு அந்த பிஎஃப் ஒருநாளும் முதுமைச் சேமிப்பாக இருந்ததில்லை. ஒரு தொழிற்சாலையிலிருந்து நின்று அடுத்ததில் சேரும்வரை, அல்லது பேறுகாலம் முடிந்து திரும்பும்வரை, அடுப்பெரிய வைத்த பணம் அது. இந்த நாட்டில் வேலையற்றோர் உதவித்தொகை என்று ஒன்று நடைமுறையில் இருந்ததென்றால், அது சட்டத்தில் வேறு பெயருடன் இருந்த இந்தத் தொகைதான்.

அப்படியானால் சட்டத்தில் அதே பெயருடன் ஏன் ஒன்றில்லை என்ற கேள்வியே என்னைத் தொழிலாளர் வழக்குகளின் பக்கம் கொண்டு சென்றது. மொழியியல் படித்தவர் தீர்ப்புகளை வாசிக்கத் தொடங்கினால் விரைவில் ஒன்று புலப்படும்: வேலை இழந்தவரின் பிழைப்பு பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லின் பொருளெல்லையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வேலையின்மை குறித்து ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1921-இல் அதனை ஏற்று உறுதி செய்தது, 1938-இல் விலகிக்கொண்டது. இடையே அமைந்த விட்லி ஆணையம், வேலையின்மைக் காப்பீடு இந்தியச் சூழலில் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கருதியது. 1948-இன் இஎஸ்ஐ சட்டம் நோய், பேறுகாலம், பணியிட விபத்து ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டது, வேலையின்மையை விட்டுவிட்டது. அரசியலமைப்பின் 41-ஆம் உறுப்பு வேலையின்மைக் காலத்துப் பொது உதவியைப் பேசுகிறது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடு. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவரும் நீதிமன்றப் படி ஏறிவிட முடியாது.

மாற்று ஏற்பாடு 1953-இல் வந்தது. துணி ஆலைகளில் சரக்குத் தேங்கி, தொழிலாளர்கள் திரளாக வேலையின்றி நிறுத்தப்பட்ட ஆண்டு அது. அவசரச் சட்டமாக வந்து பின் 1947-இன் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்ந்த அந்தப் பகுதி, அக்டோபர் 24 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இரண்டு நிலைகளை அது பிரித்தது. வேலை உண்டு, ஆனால் இன்று கொடுக்க இயலவில்லை என்பது லே-ஆஃப். அந்நாட்களுக்கு அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. வேலையே இனி இல்லை என்பது ஆட்குறைப்பு. ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் காப்பீட்டு நிதியத்தின்மேல் ஏற்றப்பட்ட சுமையை இங்கே ஒவ்வொரு முதலாளியின் தலையிலும் தனித்தனியே ஏற்றினார்கள். விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. தாமே கொடுக்க வேண்டிய பணம் என்பதால் மறுப்பதற்கான காரணத்தையும் முதலாளியே தேடினார். மறுப்பு நேராக வழக்காயிற்று.

அத்தகைய வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தமானது, ‘பிடித்தமானது’ என்ற சொல் இங்கே பொருந்துமா தெரியவில்லை, சாய்பாசா சிமென்ட் ஆலை வழக்கு. அன்றைய பீகாரின், இன்றைய ஜார்க்கண்டின், சிங்பூம் பகுதியில் ஜிங்க்பானி என்ற ஊரில் அசோசியேட்டட் சிமென்ட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. அதற்குச் சுண்ணாம்புக்கல் தந்தது அதே நிறுவனத்தின் ராஜங்கா சுரங்கம். 1955-இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கல் வரவில்லை, சூளை அணைந்தது, ஆலைத் தொழிலாளர்கள் லே-ஆஃப் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுரங்கத்தார். ஆலையில் இருந்தவர்கள் வேலைக்கு ஆயத்தமாக இருந்தும் வேலை கிடைக்காதவர்கள். சட்டப்படி பாதி ஊதியம் கேட்டனர். நிறுவனம் மறுத்தது.

மறுப்பதற்கு நிறுவனம் காட்டியது 25-இ பிரிவு. லே-ஆஃப் தொகை எப்போதெல்லாம் கிடையாது என்று பட்டியலிடும் பிரிவு அது. ஐந்து மைலுக்குள் மாற்று வேலை கொடுத்தும் ஏற்காதவருக்கு இல்லை. குறித்த நேரத்தில் நாளுக்கொருமுறையேனும் ஆலைவாயிலுக்கு வந்து நிற்காதவருக்கு இல்லை. மூன்றாவதாக, நிறுவனத்தின் ‘மற்றொரு பகுதி’யிலுள்ள தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் லே-ஆஃப் நேர்ந்திருந்தாலும் இல்லை.

எனவே வழக்கு ஒரே கேள்வியாகச் சுருங்கியது. சுரங்கம், ஆலை இருக்கும் அதே நிறுவனத்தின் மற்றொரு பகுதியா, அல்லது வேறொரு நிறுவனமா?

கேட்பதற்கு எளிது. ‘பகுதி’ என்பது தனித்து நிற்கும் சொல்லன்று. முழுமை எதுவென்று முடிவாகாமல் பகுதி எதுவென்று சொல்ல இயலாது. ஆங்கிலச் சட்டம் முழுமைக்குப் பயன்படுத்திய சொல் ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’. அது ஒரு கட்டடத்தையும் குறிக்கும், அதனை நடத்தும் அமைப்பையும் குறிக்கும். தமிழின் ‘நிறுவனம்’ அப்படியே. நிறுவு என்னும் வினையடியிலிருந்து பிறந்து, நிறுவப்பட்டது எதுவோ அது என்று நிற்கிறது. இடமா, ஆட்சியா, தொழிலா என்று கேட்டால் மூன்றும்தான். அன்றாடப் பேச்சில் இந்தத் தெளிவின்மை யாரையும் துன்புறுத்துவதில்லை. ஜிங்க்பானியில் அது சில மாதக் கூலியாக உருமாறியது.

தொழிலாளர் தரப்பின் வாதம் வலுவற்றதன்று. சுரங்கத்துக்குச் சுரங்கச் சட்டம், ஆலைக்குத் தொழிற்சாலைச் சட்டம். சுரங்கத் தகராறுக்கு மத்திய அரசு பொறுப்பு, ஆலைத் தகராறுக்கு மாநில அரசு. நிறுவனம் என்பதை விளக்கும்போது சட்டமே தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்று தனித்தனியே எண்ணுகிறது. இரு வேறு சட்டங்களும் இரு வேறு அரசுகளும் ஆளும் இரண்டை ஒன்றென்று எப்படிச் சொல்வது? தீர்ப்பாயம் இதை ஏற்றுத் தொழிலாளர்களுக்குத் தொகை வழங்க ஆணையிட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது.

1959-இல் தீர்ப்பை எழுதிய நீதிபதி எஸ். கே. தாஸ் அமெரிக்க வழக்குகளை எடுத்துக்கொண்டார். அங்குள்ள மாநில வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டங்களிலும் இதே போன்ற விலக்கு உண்டு. 1940-இல் விஸ்கான்சின் நீதிமன்றம் விசாரித்த வழக்கில், நாஷ் கார் நிறுவனத்தின் மில்வாக்கி ஆலை காரின் மேற்கூட்டைச் செய்தது, கெனோஷா ஆலை காரைப் பூட்டியது. இடையே ஏறத்தாழ 40 மைல். கெனோஷாவில் வேலைநிறுத்தம், மில்வாக்கியில் வேலையிழப்பு. இரண்டும் ஒரே நிறுவனம் என்று கூறி உதவித்தொகை மறுக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து மினசோட்டா நீதிமன்றத்தில் ஃபோர்டு வழக்கு. மிச்சிகனின் டியர்பார்னில் வேலைநிறுத்தம். உதிரிபாகம் வராமல் பல நூறு மைலுக்கு அப்பால் செயின்ட் பால் நகர் ஆலை நின்றது. அங்கே நீதிமன்றம் இரண்டும் வேறு வேறு என்றது. தொழிலாளர்கள் தொகை பெற்றனர்.

இந்தப் பாதையை இன்னும் பின்னோக்கித் தொடரலாம். பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டம் சில தொழில்களில் வேலையிழந்தவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங் வழங்கியது. தொழில் தகராறால் வேலை நின்றிருந்தால் கிடையாது என்றது. ஆனால் அங்கே பயன்பட்ட சொல் ‘வளாகம்’ என்ற பொருளுடையது. தம் வளாகத்தில் நடக்கும் தகராறுதான் தொழிலாளியைப் பாதிக்கும். ஒரே வளாகத்திலும் வேறு வேறு தொழில்கள் தனித் துறைகளாக நடந்தால் அவற்றைத் தனி வளாகங்களாகவே கொள்ளலாம் என்றும் அச்சட்டம் இடம் கொடுத்தது. பிரிட்டன் தேர்ந்த சொல்லுக்கு மதிற்சுவர் உண்டு. அமெரிக்காவும் இந்தியாவும் தேர்ந்த சொல்லுக்கு அது இல்லை. 1953-இல் தில்லியில் வரைவெழுதியவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணித்தான் எழுதினார்களா என்பதற்கு நான் இதுவரை எந்தத் தடயமும் காணவில்லை.

தாஸ் பல அளவுகோல்களை வைத்தார்: இட நெருக்கம், உடைமை, மேலாண்மை, பணிநிலைகள், செயல்வழிப் பிணைப்பு. எந்த ஒன்றும் அறுதியானதன்று, வழக்குக்கு வழக்கு எடை மாறும் என்றும் எச்சரித்தார். கல் இன்றி ஆலை இல்லை. சுரங்கமோ ஆலைக்காகவே வெட்டப்படுகிறது. ஆகவே இரண்டும் ஒன்று. சுரங்கம் ‘மற்றொரு பகுதி’யே. தீர்ப்பாயத்தின் ஆணை நீக்கப்பட்டது. ஜிங்க்பானித் தொழிலாளர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தீர்ப்பு தர்க்கத்தில் பிழையற்றது என்றே நினைக்கிறேன். ஆயினும் அதில் ஒரு நெருடல் உண்டு. செயல்வழிப் பிணைப்பு என்பது முதலாளியின் கோணத்திலிருந்து தெரியும் ஒற்றுமை. சூளையருகே நிற்பவருக்குச் சுரங்கத்தின் வேலைநிறுத்தத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அதிகாரம் உண்டா என்ற கேள்வி அந்த அளவுகோல்களில் இடம்பெறவில்லை. ‘பகுதி’யைப் பொருளின் ஓட்டத்தைக் கொண்டு அளந்தார்கள், மனிதரின் விருப்பத்தைக் கொண்டு அளந்திருக்கலாம்.

இனி ‘ஆட்குறைப்பு’. இந்தச் சொல்லின் வரலாறு இன்னும் விந்தையானது.

சட்டத்தின் 2(ஓஓ) பிரிவு ஆட்குறைப்பு என்றால் என்னவென்று வரையறுக்கிறது: ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அன்றி, எக்காரணத்தினாலாயினும் ஒரு தொழிலாளியின் பணியை முதலாளி முடிவுக்குக் கொண்டுவருதல். தாமாக முன்வந்து ஓய்வு பெறுதல், வயது முதிர்ந்த ஓய்வு, தொடர்ந்த உடல்நலக்குறைவு ஆகியவை விலக்கு. ‘எக்காரணத்தினாலாயினும்’ என்ற பிறகு ஐயத்துக்கு என்ன இடம் என்று தோன்றும். ஆனால் 1956 அக்டோபரில் பிப்ராய்ச் சர்க்கரை ஆலை வழக்கில் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர், வழக்கிலுள்ள பொருளில் ஆட்குறைப்பு என்பது தொழில் தொடர்ந்து நடக்கையில் மிகுதியாக உள்ளவர்களைக் குறைப்பதே என்றார். ஆலையையே மூடிவிட்டால் அங்கே குறைக்க யார் இருக்கிறார்கள்? அடுத்த மாதம், நவம்பர் 27 அன்று, அரசியலமைப்பு அமர்வு ஹரிபிரசாத் வழக்கில் அதை உறுதி செய்தது. அவ்வழக்கில் வந்தவர்களுள் ஒரு பிரிவினர் பார்சி லைட் ரயில்வேயின் தொழிலாளர்கள். 1954 ஜனவரி 1 முதல் அந்தக் குறும்பாதை ரயில்வேயை அரசு எடுத்துக்கொண்டது. முந்தைய நாளோடு பழைய நிறுவனத்தில் அவர்களது பணி முடிந்தது. இழப்பீடு கேட்டனர். எக்காரணத்தினாலாயினும் என்ற தொடர் காரணங்களை விரிக்குமே தவிர, ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லின் இயல்பான பொருளை மாற்றாது என்று நீதிமன்றம் மறுத்தது.

பொருண்மையியல் படித்தவர்கள் இங்கே நின்று யோசிக்கலாம். வரையறை என்பது ஒரு சொல்லின் பழைய பொருளை அகற்றிப் புதியதை வைப்பதா, பழைய பொருளின்மேல் மற்றொன்றைப் போர்த்துவதா? அமர்வு இரண்டாவதைத் தேர்ந்தது. நாடாளுமன்றத்துக்கு இது ஏற்புடையதாக இல்லை. 1957-இல் முதலில் அவசரச் சட்டமும் பின் திருத்தச் சட்டமும் வந்தன. நிறுவனம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் இழப்பீடு உண்டு என்று புதிய பிரிவுகள் சேர்ந்தன. அவை 1956 நவம்பர் 28-இலிருந்து, அதாவது தீர்ப்புக்கு மறுநாளிலிருந்து, செல்லும் என்றார்கள். தீர்ப்பின் நாளோடு நின்றுகொண்டது சட்டத்தின் கருணை. பார்சியின் தொழிலாளர்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தனர்.

இருபதாண்டு அப்படியே கடந்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு வழக்கு தில்லிக்குச் சென்றது. பாரத ஸ்டேட் வங்கியில் இடையிடையே தற்காலிகக் காசாளராக வேலை பார்த்தவர் சுந்தரமணி. கடைசியாகக் கொடுக்கப்பட்ட ஆணை ஒன்பது நாளுக்கானது. அந்நாள் முடிந்ததும் பணி தானாக முடிவுறும் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. விட்டுவிட்டுப் பார்த்த நாட்களைக் கூட்டினால் சட்டம் கேட்கும் தொடர்பணி நிறைவாகியிருந்தது. வங்கியின் வாதம் இது: நாங்கள் இவரை நீக்கவேயில்லை, காலம் முடிந்தது, வேலையும் முடிந்தது.

1976 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் இதை ஏற்கவில்லை. அது நெருக்கடி நிலைக் காலம். வேலைநிறுத்தம் என்ற சொல்லையே உரக்கச் சொல்ல இயலாத மாதங்கள். அவர் ‘எக்காரணத்தினாலாயினும்’ என்ற தொடரையே திறவுகோலாக எடுத்துக்கொண்டார். முடிவுக்குக் கொண்டுவருதல் என்பதில் முதலாளி முடிக்கும் செயல் மட்டுமல்லாது, எவ்வாறேனும் வேலை முடிந்துபோன நிகழ்வும் அடங்கும் என்றார். வேலை கொடுக்கும் ஆணையிலேயே அதன் முடிவையும் எழுதிவைப்பவர், ஒரே தாளில் இரண்டு செயல்களைச் செய்கிறார்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. முடிந்தது, முடித்தார், நின்றது, நிறுத்தினார். இத்தகைய இணைகளைப் பேராசிரியர் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று பகுத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இயக்குவினையில் செய்பவர் தெரிகிறார், இயங்குவினையில் மறைந்துவிடுகிறார். ‘வேலை முடிந்தது’ என்னும் வாக்கியத்தில் வங்கி இல்லை. அந்த இலக்கண மறைவிடத்துள் வங்கியை ஒதுங்கவிடாமல் தடுத்ததுதான் அத்தீர்ப்பு. எம்.ஏ. வகுப்பில் இந்த வேறுபாட்டை வாய்பாடாகக் கற்ற காலத்தில், இதற்குச் சம்பளப் பாக்கியோடு தொடர்பிருக்குமென்று எனக்குத் தோன்றியதேயில்லை.

அதன்பின் கதவு அகலத் திறந்தது. வராமையைக் காரணம் காட்டிப் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதும் ஆட்குறைப்பே என்று தில்லி துணி ஆலை வழக்கிலும், 1982-இல் தென்னக ரயில்வேயின் ராபர்ட் டிசூசா வழக்கிலும் தீர்ப்புகள் வந்தன. ஐவர் அமர்வின் பழைய தீர்ப்பை அதனினும் சிறிய அமர்வுகள் இப்படி மீறலாமா என்ற சர்ச்சை 1990-வரை நீடித்தது. பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் மற்றோர் ஐவர் அமர்வு பரந்த பொருளையே உறுதிப்படுத்தியது. ஆனால் அதற்கு முன்பே, 1984 ஆகஸ்டில், நாடாளுமன்றம் (பிபி) என்ற துணைப்பிரிவைச் சேர்த்து, ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமையை வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. இம்முறை சட்டமன்றம் வேறு திசையில் திரும்பியது. சுந்தரமணியின் ஒன்பது நாள் ஆணையை 1985-இல் ஒருவர் பெற்றிருந்தால் அவருக்கு வழக்கு நிற்பது கடினம்.

தமிழ்நாட்டு ஆலைகளின் பங்கைச் சொல்லாமல் கடப்பது முறையாகாது. பெரிய ஆலைகள் லே-ஆஃப் செய்யவோ ஆட்குறைக்கவோ அரசின் முன்னனுமதி பெற வேண்டும் என்ற 1976-இன் ஏற்பாட்டை முதலாளிகள் எதிர்த்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றனர். தொழிலாளர்களே மேல்முறையீடு செய்தார்கள். ஆட்குறைப்புக்கான அனுமதிப் பிரிவு செல்லும் என்று 1992-இல் மீனாட்சி ஆலைத் தொழிலாளர் வழக்கிலும், லே-ஆஃபுக்கான பிரிவு செல்லும் என்று மதுரா கோட்ஸுக்கு எதிரான பாபநாசம் தொழிற்சங்க வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. வைகைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் நடந்த இந்த வழக்குகளை நம் தொழிலாளர் வரலாற்று நூல்கள் போராட்டங்களுக்குத் தரும் அளவுக்கு இடம் தந்து பேசுவதில்லை. பெங்களூருவுக்கும் ஒரு பங்கு உண்டு: ‘தொழில்’ என்றால் எது என்று எழுவர் அமர்வு 1978-இல் வகுத்தது இந்நகரின் குடிநீர் வாரிய வழக்கில்தான். அது தனிப் பதிவுக்குரியது.

இப்போது என் ஐயத்துக்கு வருகிறேன். ஆட்குறைப்பு என்ற தமிழ்க் கலைச்சொல் 1956-இன் பொருளை மட்டுமே சுமக்கிறது. ஆளைக் குறைத்தல், அதாவது மிகுதி இருந்தது, குறைத்தார்கள். ஆங்கிலச் சொல்லின் பிரெஞ்சு வேரில் வெட்டி நீக்குதல் என்ற பொருள்தான் உண்டு. எண்ணிக்கை அதில் கட்டாயமில்லை. 1976-க்குப் பின் சட்டத்தில் அச்சொல் அடைந்த விரிவு தமிழ்ச் சொல்லுக்குள் நுழையவேயில்லை. நான்கு நாள் வரவில்லை என்று பெயர் அடிக்கப்பட்ட ஒருவர், தமக்கு நேர்ந்தது ஆட்குறைப்பு என்று எப்படி அறிவார்? அவர் சொல்வது ‘நிறுத்திட்டாங்க’. அதுவும் இயக்குவினை, செய்தவர் யாரென்று அச்சொல் மறைப்பதில்லை. சட்டத்தின் பரந்த பொருளுக்கு நெருக்கமானது கலைச்சொல்லைவிட இந்தப் பேச்சுச் சொல்லே. கலைச்சொல்லாக்கக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு என் வீட்டுக் கீழ்த்தளமே சான்று. அங்கே குடியிருக்கும் தருமபுரிக்கார அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஏழாண்டு தைத்தவர். சென்ற ஆண்டு ஆர்டர் இல்லை என்று ஒரு லைனையே கலைத்தார்கள். ஆங்கிலத்தில் அடித்த தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பிஎஃப் சீக்கிரம் வரும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, ‘இதுல என்னப்பா எழுதியிருக்கு?’ என்று கேட்டபோது நான் படித்துச் சொன்னேன். சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதியிருந்தது. இஎஸ்ஐ பதிவில் பணி நின்றதற்கான காரணத்தை முதலாளி கணினியில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆட்குறைப்பு’ அப்பட்டியலில் இருக்கிறது. அந்தத் தொழிற்சாலை தேர்ந்தது ‘வேலையை விட்டார்’.

இஎஸ்ஐ 2005 ஏப்ரலில் ராஜீவ் காந்தி பெயரிலான திட்டத்தின் வழியாக முதன்முறை வேலையின்மைப் படி வழங்கத் தொடங்கியது. ஆட்குறைப்பு, ஆலைமூடல் முதலியவற்றால் வேலையிழந்தவர்களுக்கு மட்டும். 2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் வந்தது. சராசரி வருவாயில் 25 விழுக்காடு, 90 நாள்வரை, வாழ்நாளில் ஒருமுறை. பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 24 முதல் அது 50 விழுக்காடாயிற்று; கடைசி முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் வர வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்தது. ஆனால் முதலாளி பதிந்த காரணச் சொல் மட்டும் பதிவில் அப்படியே இருக்கிறது. தாமாக விலகியவருக்குச் சட்டத்தில் ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. விஸ்கான்சினிலும் ஜிங்க்பானியிலும் நீதிபதிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து தீர்மானித்த பொருளை, இங்கே ஒரு மனிதவள அலுவலர் சுட்டியின் ஒரு சொடுக்கில் தீர்மானித்துவிடுகிறார்.

வற்புறுத்திப் பெற்ற விலகல் கடிதம் விலகலே ஆகாது என்று வழக்காட வழியுண்டு. தனித் தொழிலாளியின் பணிநீக்கத்தையும் தொழில் தகராறாகக் கொள்ளும் பிரிவு 1965-இல் சேர்ந்தது, 2010 திருத்தத்துக்குப் பின் அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல், சமரச அலுவலரிடம் மனு அளித்து 45 நாள் கடந்ததும் நேரே தொழிலாளர் நீதிமன்றம் செல்ல முடிந்தது, மூன்றாண்டுக் கெடு. 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் விடைபெற்றது. வரையறையில் ‘எக்காரணத்தினாலாயினும்’ அப்படியே இருக்கிறது. குறித்த காலப் பணி நிறைவுறுவது விலக்குகளில் வெளிப்படையாக ஏறியிருக்கிறது. கெடு இரண்டாண்டாகக் குறைந்தது. முன்னனுமதி 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கே. ஆட்குறைக்கப்பட்டவருக்கு 15 நாள் ஊதியத்தை முதலாளி மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும் என்பது புதிது. அதற்கும் முதலில் அவர் ஆட்குறைக்கப்பட்டவராக இருக்க வேண்டும்.

இடையே 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு, வேலையிழந்தவர் முழுத் தொகையையும் பெற்றுக் கணக்கை முடிப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்க முடிவெடுத்தது. பெரும்பகுதியை உடனே எடுக்கலாம் என்பதால் இம்முறை ஓசூர் சாலை அமைதியாகவே இருந்தது.

அக்காவின் தாளை ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் காட்டினோம். ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒரே தட்டச்சில் நாற்பது பேரின் ‘சொந்தக் காரணங்கள்’ என்பதே நல்ல சான்று என்றார். மற்றவர்களின் தாள்களையும் திரட்டச் சொன்னார். இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன. சிலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் வேறு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதால் தயங்குகிறார்கள். சமரச அலுவலருக்கான மனுவைக் கன்னடத்தில் எழுதித்தர ஒரு தோழி இசைந்திருக்கிறார். அதில் ‘நிறுத்திட்டாங்க’ என்பதற்கு எந்தச் சொல்லை இடுவது என்று நேற்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தொழிலாளர் சட்டம் பயின்ற நண்பர்கள் இப்பதிவில் பிழை காணின் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். மனு அடுத்த வாரம் போகிறது.